சூட்டுச் சுவர்

என் தையல் மிஷினுக்கு நேர் எதிரே, தெருவின் அந்தப் பக்கம், ரொட்டிக்கடையின் மாடி ஜன்னல் இருக்கிறது. தெரு அவ்வளவு குறுகல். அங்கே யாராவது தும்மினால் இங்கே எனக்கு ஊசி விரலில் ஏறிவிடும். இத்தனை வருஷமும் அந்த ஜன்னல் திறந்தே கிடந்தது. பிசைந்த மாவு பொங்கும்வரை மேலே போட்டு மூடுகிற வெள்ளைத் துணிகளை ரொட்டிக்காரரின் மனைவி அங்கே நின்றுதான் உதறுவார். அந்தச் சத்தம் கேட்டால் கடிகாரத்தைப் பார்க்காமலே நான் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்துவிடுவேன். அவர் இறந்த பிறகு ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். அப்புறமும் கொஞ்ச நாள் அந்த நேரம் வந்தால் என் காது அந்தச் சத்தத்தைத் தேடிக்கொண்டிருந்தது.

அவருக்கு வந்தது சாதாரணக் காய்ச்சல்தான். இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று அவரே சொன்னார். யார் எது சொன்னாலும் சரி என்று தலையாட்டுகிற மனுஷி, காய்ச்சல் கூப்பிட்டபோதும் சரி என்று போய்விட்டார்.

கடையின் பின்கட்டில் செங்கல் அடுப்பு. ரொட்டிக்காரரின் அப்பா ஏற்றிய நெருப்பு என்பார்கள். மதியம் விறகு அடுக்கிக் கொளுத்தினால் மாலையில் சூடு ஏறி, ராத்திரி ரொட்டி வேகும். வாரத்தில் ஒரு நாள் கடைக்கு விடுமுறை. அன்றைக்கும் கங்கின்மேல் சாம்பலைப் போட்டு மூடி வைப்பார்களே தவிர, அணைய விடமாட்டார்கள். அடுப்பின் புகைபோக்கி மாடிப் படுக்கையறைச் சுவருக்குள்ளேயே ஏறி மேலே போகிறது. குளிர் நாளில் அந்தச் சுவர் இதமாக இருக்கும். வீட்டில் அதற்குச் சூட்டுச் சுவர் என்றே பெயர். அதில் ஒரு ஆணி அடித்து அந்த அம்மா தன் சால்வையை மாட்டி வைத்திருந்தார். சாயங்காலம் கல்லாவுக்கு இறங்கும்போது சால்வை சுடச்சுட இருக்க வேண்டுமாம்.

அவரை எடுத்துக்கொண்டு போய்விட்டுத் திரும்பிய அன்று, ரொட்டிக்காரர் யாரிடமும் பேசாமல் நேராகப் பின்கட்டுக்குப் போனார். வாளி வாளியாகத் தண்ணீர் மொண்டு அடுப்புக்குள் வீச ஆரம்பித்தார். அடுப்படியில் வேலை செய்கிறவன், எல்லாரும் அவனை அடுப்புக்காரன் என்றே கூப்பிடுவோம், ஓடிவந்து கையைப் பிடித்தான்.

"முதலாளி, வேணாம் முதலாளி. அதுபாட்டுக்கு ஆறட்டும். தண்ணி ஊத்தாதீங்க."

"அவளே அணைஞ்சு போயிட்டா. இது மட்டும் எதுக்கு எரியணும்?"

வெள்ளை ஆவி பின்கட்டு முழுக்க நிறைந்து தெருவுக்கு வந்தது. அதற்கு நடுவே உள்ளே எங்கேயோ ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்லை. யாரோ விரலைச் சொடுக்கியதுபோல, கீழிருந்து மேலே ஏறிக்கொண்டே போனது. எல்லாரும் கேட்டோம். 

ரொட்டிக்காரரின் அக்கா மட்டும் சொன்னார். தம்பிக்குத் துணையாக வந்து தங்கிய விதவை அவர். வாய் ஓய்வதே இல்லை. "குடும்பத்து நெருப்பை அணைச்சுட்டான். இது நல்லதுக்கு இல்ல, பாத்துக்கோங்க."

அடுத்த வாரமே அடுப்பை மறுபடி ஏற்றினார்கள். வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெருவில் அவளுக்குப் பெயர் பொஸ்தகம். சின்ன வயசில் மாவு மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு பாடத்தைச் சத்தம்போட்டுப் படிப்பாள். எல்லாம் செத்துப்போன ராஜாக்களின் கதை. கல்லாவில் நிற்கும் அந்த அம்மா மீதிச் சில்லறையைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். வாங்க வந்தவர்கள் தொண்டையைச் செருமி நினைவுபடுத்த வேண்டும். பெரியவளானதும் கணக்கு படி, கம்ப்யூட்டர் படி என்று ஆளாளுக்குச் சொன்னோம். அவள் சரித்திரம் படிக்கப் போனாள். ரொட்டிக்காரர் குதித்தார். எதற்கும் எதிர்த்துப் பேசாத அந்த அம்மா அன்றைக்குத்தான் பேசினார்.

"எனக்கு யாரு என்ன சொன்னாலும் அதுதான் சரின்னு தோணிடுது. அவளுக்கு அப்படித் தோணக் கூடாது. படிக்கட்டும்."

படித்து முடித்து வந்தவளுக்கு வேலை எதுவும் அமையவில்லை. அம்மா இருந்த இடத்தில் கல்லாவில் நின்று பன் எடுத்துக் கொடுத்தாள். "பட்டம் வாங்கினவ கையால பன் வாங்குறதுக்குத் தனி ருசிதான்" என்று நாங்கள் சீண்டுவோம். "ருசிக்குத் தனியா காசு எடுங்க மாமா" என்பாள்.

மழைக்காலம் தொடங்கியிருந்தது. ஒருநாள் ரொட்டிக்காரர் என் கடைக்கு வந்து உட்கார்ந்தார். மனைவி போனதிலிருந்து சவரம்கூடச் செய்யாதவர் அன்று தலைவாரி, நல்ல சட்டை போட்டிருந்தார். முகம் சிவந்து மினுமினுத்தது. தேறிவிட்டார் என்று எனக்கும் சந்தோஷம்.

"டைலரு, உன்கிட்ட மட்டும் சொல்றேன். அவ வர்றா."

"யாரு?"

"யாருன்னா? என் வீட்டுக்காரிதான்."

நான் மிஷினை நிறுத்தினேன்.

"மத்தியானம் நான் மேல போய்ப் படுப்பேன்ல. ராத்திரி பூரா முழிப்பு, அப்பதானே தூங்க முடியும். கொஞ்ச நேரத்துல கட்டிலோட கால்மாட்டுல வந்து உக்காந்துடுவா. மாவுத் துணியெல்லாம் மடிப்பா. ஒண்ணை மடிச்சு வச்சுட்டு அடுத்ததை எடுப்பா. தீரவே தீராது."

"பேசுவாங்களா?"

"நான் பேசுவேன். அவ சரி சரிம்பா. எப்பவும் அப்படித்தானே."

கனவு என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் வாய் மூடிக்கொண்டது. அவ்வளவு நிம்மதி அந்த முகத்தில். நெற்றியை மட்டும் விடாமல் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

இந்த மாதிரி விஷயம் ஒரு ஆளிடம் மட்டும் நிற்குமா? அக்கா தெருவெல்லாம் சொன்னார். தனக்கு ஆள் தெரியவில்லையாம், சுவருக்குள்ளே யாரோ மூச்சு விடுகிறார்களாம், நன்றாகக் கேட்கிறதாம். அந்த அம்மா வளர்த்த பூனை ஒன்று உண்டு. எப்போதும் அந்தக் கட்டிலிலேயே சுருண்டு கிடக்கும். இப்போது படியேறி அறை வாசல்வரை வரும், உள்ளே பார்க்கும், முடி சிலிர்த்துத் திரும்பி ஓடிவிடும். பூனைக்கே தெரிகிறது, இனி என்ன சாட்சி வேண்டும் என்றார் அக்கா. அடுப்புக்காரன் ஒருநாள் உடம்பு முடியாமல் மேலே போய்ச் சற்றுப் படுத்தவன், வெளுத்துப்போய் இறங்கி வந்தான். அதன்பிறகு மாடிப்படியில் காலே வைக்கவில்லை. என்ன பார்த்தாய் என்று கேட்டால் விறகை அடுக்கப் போய்விடுவான்.

நானும் போனேன். ரொட்டிக்காரருக்குச் சட்டை தைக்க அளவு எடுக்க வேண்டும் என்று ஒரு சாக்கு. மதியம், வெளியே தூறல். அறையில் ஜன்னல் சாத்தி, இடுக்கில் துணி திணித்திருந்தது. மனைவியின் வாசனை வெளியே போகக்கூடாது என்று அவரே திணித்தாராம். விளக்கும் இல்லை. ரொட்டிக்காரர் கட்டிலில் கண்மூடிக் கிடந்தார், உதட்டில் சிரிப்பு. சுவரில் அந்தச் சால்வை தொங்கியது. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். கீழே விறகு வெடிக்கிற சத்தம். இதமான சூடு. எழுந்திருக்கவே தோன்றவில்லை.

எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. யாரோ எனக்குப் பின்னால் வந்து நின்றார்கள். என் இடது தோளில் ஒரு விரல் பட்டது. அங்கிருந்து வலது தோள்வரை அளவு நாடாவை இழுத்துப் பிடித்தார்கள். நாடாவின் ஓரத் தகரம் கழுத்தில் சில்லென்று பட்டது. எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் அப்படித்தான் அளவெடுப்பார், விரலை அழுத்தி. அவர் போய் எத்தனையோ காலம் ஆயிற்று. திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை. எப்படி எழுந்தேன், எப்படிப் படி இறங்கினேன் என்று தெரியாது. தெருவில் நின்று வாந்தி எடுத்தேன். அன்று முழுக்கத் தலை விண்விண்ணென்று தெறித்தது. மனைவியிடம்கூட இதை நான் சொல்லவில்லை. சொன்னால் என் வியாபாரத்தைப் பற்றியும் வயசைப் பற்றியும் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லுவாள்.

அதற்குப் பிறகுதான் பொஸ்தகம் என் கடைக்கு வந்தாள்.

"மாமா, நீங்க மேல போனீங்கள்ல, அன்னிக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலையே."

"வாந்தி எடுத்தீங்களாம்."

"காலையில உங்க கடை பன்னைத் தின்னேன். அதுதான்."

அவள் சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "வேற யார் சொன்னதையும் சொல்லாதீங்க. தெருவுல பேசிக்கிறதையும் சொல்லாதீங்க. உங்களுக்கு நடந்ததை மட்டும் சொல்லுங்க."

சொன்னேன். அந்தப் பெண் கேட்கிற விதத்தில் பொய் சொல்ல முடியாது. நாற்காலி எந்தப் பக்கம் போட்டிருந்தது, வந்த உடனேயா இல்லை கொஞ்ச நேரம் கழித்தா, அடுப்பு எரிந்துகொண்டிருந்ததா, கதவு திறந்திருந்ததா என்று குடைந்தாள்.

"இதெல்லாம் எதுக்கும்மா? பேய் எந்த நாற்காலின்னு பாத்தா வரும்?"

"எங்க பாடத்துல இப்படித்தான் மாமா. ஒரு சண்டை நடந்திருக்கும். பாத்தவங்க ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி எழுதி வச்சிருப்பாங்க. எவன் பொய் சொல்றான்னு முதல்ல தேட மாட்டோம். யாரு எங்க நின்னு பாத்தா, எப்ப பாத்தான்னு தேடுவோம். அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு பாப்போம்."

"சரி, என்ன தெரிஞ்சுது?"

"அடுப்புக்காரர் பாத்தது ஆத்துல போன அவரோட தம்பியை. தலையெல்லாம் தண்ணி சொட்ட நின்னானாம். உங்களுக்கு உங்க குரு. அப்பாவுக்கு அம்மா. எல்லாரும் வேற வேற ஆளைப் பாத்திருக்கீங்க. ஆனா தலைவலி மட்டும் எல்லாருக்கும் ஒண்ணு."

எனக்கு முதுகில் குளிர் ஓடியது. பேய் என்று அவள் சொல்லியிருந்தால்கூட அப்படி ஓடியிருக்காது.

"இன்னொண்ணு. கடை லீவு அன்னிக்கு அம்மா வர்றதே இல்ல."

இதை நான் ரொட்டிக்காரரிடமே கேட்டுப் பார்த்தேன். அவருக்குப் பதில் தயாராக இருந்தது. "உசிரோட இருந்தப்பவே அவளுக்கு அந்த ஒரு நாள்தானேய்யா ஓய்வு. இப்பவும் அன்னிக்கு வர மாட்டா. பழக்கம் எங்க போகும்?" கேட்கையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதுவும் நியாயமாகத்தான் பட்டது. ஆனால் விடுமுறை அன்று புது விறகு போடுவதில்லை, அக்கா அறையைக் கழுவி ஜன்னலைத் திறந்துபோட்டு ஆறவிடுகிறார் என்பதையும் மகள் கேட்டு வைத்திருந்தாள்.

அவளோடு விடுதியில் தங்கி ரசாயனம் படித்த தோழி ஒருத்தி இருந்தாள். அவளைப் போனில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பெண் கதை கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் குரல் மாறி, "உங்கப்பாவை இன்னிக்கே அந்த ரூம்ல படுக்க விடாதே" என்றாளாம். விறகடுப்புப் புகையில் நிறமும் மணமும் இல்லாத ஒரு நச்சுக் காற்று உண்டாம். மூடின அறையில் சேர்ந்தால் தலை வலிக்கும், புத்தி மயங்கும், இல்லாதது தெரியும். அதிகமானால் தூக்கத்திலேயே ஆள் முடிந்துபோவான்.

மறுநாள் அப்பா படுக்கப் போகுமுன் அவள் ஜன்னலைத் திறந்து வைத்தாள். இடுக்கில் திணித்த துணியையெல்லாம் பிடுங்கி எறிந்தாள். அன்று ரொட்டிக்காரர் படுத்தார், புரண்டார், எழுந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் கத்துவது தெருவுக்கே கேட்டது. நான் அந்தப் பக்கம் ஓடினேன்.

"அவ வரல! ஜன்னலத் திறந்து போட்டே, அவ வரல!"

"அப்பா, அது அம்மா இல்லப்பா. சுவர்ல எங்கேயோ வெடிச்சிருக்கு. அடுப்புப் புகை உள்ள வருது. அதுல ஒரு விஷம் இருக்கு. அதுதான் உங்களுக்கு…"

"புகை எங்கடி? எனக்குத் தெரியாத புகையா? பொறந்ததுலேர்ந்து புகையிலதான் இருக்கேன்."

"கண்ணுக்குத் தெரியாதுப்பா. அந்தச் சால்வையை எடுத்துட்டு சுவரை ஒரு தடவை பாக்கட்டுமா?"

"தொட்டே, கையை ஒடிச்சுடுவேன். அவ மாட்டினது மாட்டினபடி இருக்கணும்."

அக்கா குறுக்கே வந்தார். "நாலு எழுத்துப் படிச்சுட்டா பெத்தவளையே இல்லன்னு சொல்லுவியா?"

ரொட்டிக்காரர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். குரல் இறங்கியது. "உன்னைப் படிக்க வச்சு என்ன கண்டேன்? ஒரு காசு வந்துச்சா? போகட்டும், நான் கேக்கல. ஆனா இருக்கிறவளையும் துரத்துற பாரு, அதுதான் தாங்கல."

"அப்பா, அது உங்களைக் கொன்னுடும்."

"அது விஷம்னா அந்த விஷம் எனக்கு இருக்கட்டும். நீ கீழ போ."

அன்று சாயங்காலமே சுத்தியல் எடுத்து ஜன்னலை ஆணி அடித்து மூடினார். ஒவ்வொரு அடியும் என் கடைச் சுவரில் கேட்டது.

அதற்குப் பிறகு அந்தப் பெண் செய்த ஒரு காரியத்தை என்னால் மறக்க முடியாது. மதியமானால் கல்லாவை அத்தையிடம் விட்டுவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொள்வாள். உள்ளே அவர் தாழ்ப்பாள் போட்டுப் படுத்திருப்பார். சற்றைக்கொரு தரம் கதவைத் தட்டுவாள். "அப்பா?" என்பாள். "இருக்கேன்" என்று எரிச்சலாக ஒரு குரல் வரும். மறுபடி தட்டுவாள். விறகு போடாதே என்று அடுப்புக்காரனிடம் கெஞ்சினாள். முதலாளி சொன்னால் நிறுத்துகிறேன் பாப்பா என்று அவன் கையைப் பிசைந்தான். அத்தையின் திட்டு ஒரு பக்கம், தெருவின் சிரிப்பு ஒரு பக்கம். இருந்த ஒரு பெற்றவரும் மூடிய கதவுக்கு உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறார். அவளுக்கு எதிரே நின்றதில் பெரிய எதிரி அவர் ஆசைதான். அவரோ நாளுக்கு நாள் சந்தோஷமாக இருந்தார். மாவில் உப்பை இரண்டு தரம் போட்டார். தட்டுகளைக் கை நழுவவிட்டார். சிரித்துக்கொண்டார்.

ஒரு கல்யாணத்துக்கு ஏகப்பட்ட பன் வேண்டும் என்று ஆர்டர் வந்தது. அன்று காலையிலேயே அடுப்பில் விறகைத் திணித்து ஏற்றிவிட்டார்கள். விடாத மழை. காற்றே இல்லை. கடையில் கூட்டம் நெரித்ததால் மகளால் கல்லாவை விட்டு நகர முடியவில்லை. ஓடிவந்து படியேறித் தட்டியபோது பன்னுக்காக வந்திருந்த கல்யாண வீட்டாரிடம் சட்டைகளைக் கொடுக்க வந்த நானும் கீழே நின்றிருந்தேன்.

"அப்பா?"

உள்ளிருந்து பதில் வந்தது. மெதுவாக, தூக்கத்தில் பேசுவதுபோல.

"இருக்கோம்."

அவள் அப்படியே நின்றுவிட்டாள். மறுபடி தட்டினாள். மறுபடி. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை.

"மாமா!" என்று அவள் போட்ட கூச்சலில் அடுப்புக்காரன் கங்கு கிளறும் கம்பியோடு ஓடிவந்தான். இருவரும் சேர்ந்து தாழ்ப்பாளை நெம்பினோம். "மூச்சைப் பிடிச்சுக்கிட்டு வாங்க" என்றாள். கதவு திறந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை. புகை இல்லை, நெடி இல்லை. ஒழுங்காக, அமைதியாக, இதமாக இருந்தது அறை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அவள் அவன் கையிலிருந்த கம்பியைப் பிடுங்கிக்கொண்டு நேராக ஜன்னலுக்குப் போனாள். பெற்ற அப்பன் கட்டிலில் கிடக்கிறார், இவள் ஜன்னலுக்கு ஓடுகிறாளே என்று பின்னால் அத்தை அலறினார். அப்போது நான் ஒன்றைக் கவனித்தேன். கதவிலிருந்து ஜன்னலுக்குப் போகக் கட்டிலின் கால்மாட்டைத் தாண்ட வேண்டும். அவ்வளவு அவசரத்திலும் அவள் கால்மாட்டை ஒட்டிப் போகவில்லை. சற்று விலகி, சுற்றிக்கொண்டு போனாள், உட்கார்ந்திருக்கிற ஒருவர் மேல் கால் படாமல் போவதுபோல. அங்கே யாரும் இல்லை. ஓங்கிக் கண்ணாடியை உடைத்தாள். மழைக்காற்று உள்ளே அறைந்தது.

நானும் அடுப்புக்காரனும் ரொட்டிக்காரரைத் தூக்கிக் கீழே கொண்டுவந்து மாவு மூட்டைகள்மேல் கிடத்தினோம். உதடு ரத்தமாகச் சிவந்திருந்தது. உடம்பு துவண்டது. போய்விட்டார் என்றே நினைத்தேன். அவள் அவர் முகத்தைச் சாரலுக்குத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, "அப்பா, மூச்சு விடுங்க, இழுத்து விடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வெகுநேரம் கழித்து இருமினார். கண்ணைத் திறந்தார். முதலில் சொன்னது இதுதான்.

"கதவை மூடுங்க. அவ போயிடுவா."

ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்துவிட்டு வந்தார். அதற்குள் அடுப்பு ஆறிவிட்டது, இந்தத் தடவை தானாகவே. கொத்தனார் வந்தார். சால்வையை எடுக்கட்டுமா என்று மகள் அப்பாவைக் கேட்டாள். அவர் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. அவள் ஆணியிலிருந்து எடுத்துத் திருப்பினாள். முன்பக்கம் பளிச்சென்று இருந்த சால்வையின் பின்பக்கத்தில், மேலிருந்து கீழே ஒரு கறுப்புக் கோடு வளைந்து ஓடியது. சுவரிலும் அதே கோடு. கொத்தனார் விரலை வைத்தார். விரல் உள்ளே போயிற்று.

"சூடா இருக்கும்போது தண்ணி ஊத்தினீங்களா யாராவது? அதுலதான் கல்லு விட்டுப்போச்சு. கீழேருந்து மேல வரைக்கும் பிளந்திருக்கே."

ரொட்டிக்காரர் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அடுப்புக்காரன் தலையைக் குனிந்துகொண்டான். அக்கா, "நான்தான் அன்னிக்கே சொன்னேனே, அடுப்பை அணைச்சதுதான் குத்தம்னு" என்றார். அவர் சொன்னது சரியாகத்தான் போயிற்று. அதை ஒப்புக்கொண்டால் இனி எல்லாவற்றுக்கும் அவரே காரணம் சொல்ல ஆரம்பிப்பார் என்று பயந்து நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை.

சுவரைப் பூசினார்கள். அடுப்பு மறுபடி எரிந்தது. பூனை பழையபடி கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டது. ரொட்டிக்காரர் மதியம் அதே அறையில்தான் படுத்தார், அதே பக்கம் தலைவைத்து, கால்மாட்டைப் பார்த்தபடி. யாரும் வரவில்லை. மகளோடு அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. சாப்பாட்டை வைத்தால் சாப்பிட்டார். உயிரைக் காப்பாற்றியவளை ஒரு மனுஷன் அப்படிப் பகையோடு பார்த்து நான் பார்த்ததில்லை. அவள் எதையும் காட்டிக்கொள்ளாமல் பன் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவர்மேல் கோபமாக வந்தது. அப்புறம், அன்று நல்ல சட்டை போட்டுத் தலைவாரி என் கடைக்கு வந்தபோது இருந்த அந்த முகம் நினைவுக்கு வரும், கோபம் போய்விடும்.

ஒருநாள் சட்டைப் பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். படார் என்று ஒரு சத்தம். வெள்ளைத் துணியை உதறுகிற அதே சத்தம். ஊசியைக் கீழே போட்டுவிட்டேன்.  மாடி ஜன்னலில் மகள் நின்று மாவுத் துணியை உதறிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "மாமா, இந்த ஜன்னல் இனிமே திறந்தேதான் இருக்கும். திரை தைக்கணும், அளவு எடுக்க வாங்க" என்றாள்.

போனேன். ரொட்டிக்காரர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் நாடாவை விரித்து ஜன்னலை அளந்துகொண்டிருந்தேன். முதுகுப் பக்கம் அவர் குரல் கேட்டது. அத்தனை நாளுக்குப் பிறகு மகளிடம் பேசினார்.

"ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லு. உனக்கும் அவ தெரிஞ்சாளா?"

அவள் துணியை மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"தெரிஞ்சாங்கப்பா. நீங்க வெளியே போனப்ப நாலஞ்சு தடவை கதவைச் சாத்திக்கிட்டு நானும் இங்க வந்து உக்காந்திருக்கேன். இதோ இங்கதான் உக்காந்திருந்தாங்க. அன்னிக்கு ஜன்னலை உடைக்கப் போனப்பவும் இருந்தாங்க."

நாடா என் கையில் அப்படியே நின்றது.

"அப்புறம் எப்படிடி மனசு வந்துச்சு உனக்கு?"

"அம்மாகிட்ட நிறையக் கேட்டேன்ப்பா. சின்னப் பிள்ளையில எப்படி இருந்தாங்க, எதுக்கு அழுதாங்க, என்ன பிடிக்கும்னு. நான் என்ன கேட்டாலும், எனக்கு ஏற்கெனவே தெரிஞ்சதைத்தான் சொன்னாங்க. தெரியாதது ஒண்ணுகூட சொல்லல. கேட்டா சரி சரின்னாங்க. அதுல தெரிஞ்சு போச்சு, அது நான்தான்னு. அம்மா இல்லன்னு." மடித்ததை வைத்துவிட்டு அடுத்த துணியை எடுத்தாள். "தெரிஞ்சும் இன்னும் ரெண்டு நாள் வந்து உக்காந்தேன்."

 பூனை எழுந்து சோம்பல் முறித்து மறுபடி படுத்தது.

"அப்பா, எனக்குத் தெரியாதது ஏதாவது இருந்தா சொல்லுங்களேன். அம்மாவைப் பத்தி."

அவர் அந்தப் பூசிய சுவரைப் பார்த்தார். சுண்ணாம்பு அங்கே மட்டும் புதுசாகத் தெரிந்தது.

"நீ கீழ மூட்டைமேல உக்காந்து படிப்பேல்ல," என்றார். "ஒரு ராஜா கதை. ஊரைச் சுத்தி எதிரி வளைச்சுக்கிட்டான். ராஜா கோட்டைக் கதவைச் சாத்திக்கிட்டு உள்ளயே இருந்தான். மாசக்கணக்கா. உள்ள தானியம் தீந்து போச்சு. அதுவரைக்கும் படிச்சுட்டு நீ தூங்கிட்டே. மறுநாள் வேற பாடத்துக்குப் போயிட்டே. அன்னிலேர்ந்து அவ என்னை நச்சரிப்பா. அந்தச் சண்டை என்னாச்சுங்க, என்னாச்சுங்கன்னு. எனக்கு என்ன தெரியும்? நீ காலேஜுக்குப் போன பிறகும் கேட்டா. பிள்ளைகிட்டயே கேளேன்டின்னா, வேணாங்க, அது எதாவது நினைச்சுக்கும், சின்னப் பிள்ளைப் பாடம், இதுகூடத் தெரியலன்னு நினைச்சுக்கும்பா. காய்ச்சல்ல கிடந்தப்பகூட ஒருதரம் கேட்டா."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவளுக்குத் தெரியாமலே போயிடுச்சு" என்றார் ரொட்டிக்காரர். கட்டிலில் சற்று நகர்ந்து, கால்மாட்டில் அவளுக்கு இடம் விட்டார். "வா, இப்படி உக்காரு. கடைசியில அந்தக் கதவை யாரும்மா திறந்தா?"